பதிமூன்று பேர் குறைவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ சௌக்கியமாக இருக்க வேண்டும், அதுதான் முதல் வார்த்தை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. சித்தப்பா தவறிப்போன செய்தியை அம்மா போனில் சொல்லி அழுதாள், நீயும் அழுதாய், ஆனால் அவள் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்ல வேண்டும், போனில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

ஆறு மாதம் முன்பு சர்வே ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஊரில் எத்தனை வீடு, எத்தனை தலை, பஸ் எங்கே நிற்கும், ரயிலடி எவ்வளவு தூரம் என்று நீளமாக ஒரு படிவம். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு எல்லா வீடும் அத்துப்படி என்று என்னை அவரோடு அனுப்பினார்கள், கடைசியில் சாட்சிக் கையெழுத்தும் நான்தான். ஐந்நூறு பேருக்குக் குறைந்தால் ஊருக்குள் வருகிற பஸ் நின்றுவிடும் என்று அந்த அம்மாவே சொன்னார். எண்ணி முடித்தால் நானூற்று எண்பத்தேழு. சித்தப்பா தொட்டியடிக்கே ஓடி வந்தான், “வெளியூர்ல இருக்கிறவங்களையும் சேத்து எழுதுண்ணே, யாரு குடி முழுகிப்போகுது, முதல்ல நம்ம புள்ள பேரை எழுது” என்றான். தனக்குப் பிள்ளை இல்லாததால் உன்னை அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். இங்க தூங்கி எந்திரிக்கிறவங்கதான்டா கணக்கு என்று சொல்லிவிட்டேன். “அப்ப நீயே பஸ் ஓட்டு” என்று சிரித்துக்கொண்டே போனான். கையெழுத்துப் போட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

இரண்டே மாதத்தில் பஸ் நின்றது. இப்போது பிரிவு ரோட்டோடு சரி, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் இருட்டோடு கிளம்புகிறார்கள், நம் தெரு டெய்லர்கூட என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சித்தப்பா மட்டும், “என்ன டிரைவரே, வண்டி எப்ப கிளம்பும்” என்று கேட்டுச் சிரிப்பான். அவன் போன அன்று காலை ஏழு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. பஸ் நின்றிருக்காவிட்டால் ஏழேகாலுக்கு ஊருக்குள் வந்திருக்கும். ஆம்புலன்ஸுக்கு முக்கால் மணி ஆகும் என்றார்கள். பால் வண்டிக்காரர் கேன்களை ரோட்டோரம் இறக்கிப்போட்டுவிட்டு ஏற்றிக்கொண்டார். தலை என் மடியில் இருந்தது. “ஏண்ணே மூஞ்சியை இப்படி வச்சிருக்க, நீ சரியாத்தான் எழுதின” என்றான். நிஜமாகச் சொன்னானா, என்னைத் தேற்றச் சொன்னானா, கேட்க நேரம் இல்லை. பிரிவு ரோடு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து சித்தி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் அந்த சர்வே அம்மா பட்டியலைச் சரிபார்க்கப் பிரிவு ரோட்டிலிருந்து நடந்தே வந்தார், மறுபடியும் நான் கூடப் போனேன். சித்தி வீட்டு வாசலில் நின்று, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று என்னிடம் கேட்டார். பட்டியலில் இருந்த என் கையெழுத்தையே பார்த்தேன். சித்தியே வெளியே வந்து, “ரெண்டுனு இருக்கும், ஒண்ணுனு மாத்திக்கோங்க, அவரால சொல்ல முடியாது” என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, குடிங்க என்றாள். நின்றபடியே குடித்தேன்.

எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் அம்மா. லீவு கிடைத்தால் வா, பெட்டி கனமாக வேண்டாம், முதல் நாளே சொன்னால் பிரிவு ரோட்டில் சைக்கிளோடு நிற்பேன். சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. அதில் எனக்காக எதுவும் பரிந்து எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா