மதிலைத் தாண்டிப் பறந்த செத்த வாத்து

அன்பு மகளுக்கு உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் மூக்கைத் தவிர, அது சற்று இடதுபக்கம் குடிபெயர்ந்துவிட்டது. நீ அங்கே நலம்தானே. இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஆனால் அத்தனையும் உண்மை என்று இந்தப் பேனாவின் மேல் சத்தியம் செய்கிறேன்.

குட்டை முக்கால்வாசி வற்றிப்போன வெயிலில் உன் அம்மாவின் வாத்து ஒன்று செத்துக் கிடந்தது. அது மதிலைத் தாண்டி அடுத்த வீட்டு வெல்டர் பக்கம் விழுந்தது. அவன் திருப்பி எறிந்தான். முதலில் எறிந்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு. ஐந்து நாள் அது போவதும் வருவதுமாக இருந்தது, உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு பறந்ததில்லை. ஆறாம் நாள் குட்டையோரம் நம் மற்ற வாத்துகள் கால் மடங்கி, இறக்கை விரிந்து, கழுத்து ஈரக் கயிறாய்த் தொங்கக் கிடந்தன. தலையைத் தூக்கமுடியாமல் இரண்டு சாண் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்தன சில. விஷம் வைத்துவிட்டான் என்று மண்வெட்டியோடு எண்பதடி மதிலை ஒரே தாவாகத் தாவினேன். அவன் இரும்புக் குழாயால் என் மூக்கை உடைத்தான், நான் அவன் பல் நான்கைப் பறக்கவிட்டேன், இருவரும் மதிலைத் தாண்டி நம் பக்கச் சேற்றில் விழுந்து உருண்டு ஒருவர் காதை ஒருவர் கடித்ததில் குட்டையே சிவந்தது. உன் அம்மா வாளியால் எங்கள் இருவர் மண்டையையும் பிளந்துவிட்டு மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள்.

டாக்டரம்மா எங்களைத் தாண்டிப்போய், கடைசியாகக் குட்டையோரம் வந்து விழுந்திருந்த அந்த அழுகிய வாத்தைக் குச்சியால் புரட்டினார். “விஷம் யாரும் வைக்கல. இதுல நெளியுற புழுவைத்தான் மத்ததெல்லாம் தின்னிருக்கு, பொணம் அழுகுறப்ப ஊறுற விஷம் அந்தப் புழுவுக்குள்ளதான் இருக்கு. அன்னைக்கே எரிச்சிருந்தா இத்தனை சாவு இல்ல. கழுத்தைத் தூக்கிப் பிடிங்கய்யா, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்” என்றார். உயிர் மிச்சமிருந்த பத்தொன்பதையும் நிழலுக்குத் தூக்கிவந்து, கழுத்தடியில் சுருட்டிய துண்டு வைத்தோம். அவர் குழாய் வழியாக நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மூன்று நாள் வெல்டர்தான், என் மூக்கை உடைத்த அதே கையால், தலைகளைத் தாங்கிக்கொண்டிருந்தான், பிணங்களைத் தன் நெருப்பால் எரித்தவனும் அவன்தான். பதினொன்று எழுந்து நடந்தன. எட்டு போய்விட்டன. முதலில் எறிந்தவன் அவன்தான் என்று நம்பி, இனி அவன் வாசல் மிதிக்கக்கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள்.

நீ அங்கே கழுத்துத் தொங்கிய பறவை எதையாவது பார்த்தால் எதிரியைத் தேடாதே, பக்கத்தில் பிணத்தைத் தேடு, கையுறை போட்டுக்கொள். உன் தலை என்றும் நிமிர்ந்தே இருக்கட்டும். அம்மாவுக்கு இந்த வாரமே போன் செய், காரணம் கீழே.

உன் சித்தப்பன், குட்டைப்போரின் மாவீரன்.

பின்குறிப்பு: மதில் என் இடுப்பளவுதான். பல் ஒன்றும் பறக்கவில்லை. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் மேலே எழுதவில்லை, அந்த வாத்தை முதலில் எறிந்தது நான்தான். அண்ணியிடம் நீ சொல்லிவிடு, வெல்டர் வாசலுக்கு வெளியிலேயே நின்று வாத்துகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டுவிட்டுப் போகிறான்.