பூங்கொடி வீட்டுக்கு ஒரு கிருஷ்ணாயில் பாய்லர்

என் பிரியமுள்ள கோமதி அக்காவுக்கு,

உன் மகள் பாய்லர் வாங்கப் போகிறாள். நீ இருந்திருந்தால், "எதுக்குடி, டீக்கடை வெக்கப் போறாளா?" என்று கேட்டிருப்பாய். நானும் அதையேதான் கேட்டேன். மாப்பிள்ளை பெண்ணாடத்துக்காரர், அவர் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அதனால் அடுத்தபடியாக எனக்கு ஆலையின் புகைபோக்கிதான் நினைவுக்கு வந்தது. குடியிருக்கிற வீட்டில் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பார்கள்?

பூங்கொடி இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள் அக்கா. ஊருக்கு வெளியே, வயல்காட்டுக்கு நடுவில் ஒரு பழைய கல்வீடு. நீ போனபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது அவளே வயிற்றுப் பிள்ளைக்காரி. பிள்ளை பிறப்பதும் அங்கே குளிர் உச்சத்துக்குப் போவதும் ஒரே சமயத்தில் வருகிறது.

அந்த ஊரில் வெந்நீர் குளிக்க மட்டும் இல்லையாம். பாய்லரில் காய்ந்த தண்ணீர் குழாய் வழியாக அறை அறையாகப் போகிறது. சுவரில் மாட்டியிருக்கும் இரும்புப் பலகைகள் அதில் சூடாகி வீட்டைக் கதகதப்பாக வைக்கின்றன. பாய்லர் நின்றுபோனால் வீட்டுக்குள்ளேயே பேசும்போது வாயில் புகை வருமாம். அவர்கள் வீட்டுப் பழைய பாய்லர் நின்றுபோய்விட்டது. விருத்தாசலத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் நம்புவதற்கே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

"எதப் போடறது சித்தி, நீயே சொல்லு" என்றாள். படித்த பெண், அவளுக்கே எல்லாம் தெரியும். ஆனாலும் பெரிய காரியம் எதுவானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மாட்டாள். அந்தப் பக்கம் கேஸ் குழாய் கிடையாது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துக் கொடுக்கும் கரண்டு மெஷின் ஒன்று இருக்கிறது, நல்லதுதானாம். ஆனால் அது பழைய வீடு. ஜன்னல், சுவர், இரும்புப் பலகை என்று பாதி வீட்டை மாற்ற வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும். மிச்சம் இருப்பது ஆயில் பாய்லர். பழையது இருந்த இடத்திலேயே உடனே மாட்டிவிடலாம்.

ஆயில் என்றதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. உனக்குத் தெரியாது, நான் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பளபளப்பு ஏற, சூளைக்குப் போகும் முன் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. எங்கள் சூளை எரிவதே பர்னஸ் ஆயிலில்தான். "கெட்டியா இருக்குமே, சூடு பண்ணித்தான பர்னருக்கு உடணும்? அடப்பு வந்தா என்னா பண்ணுவ?" என்று விசாரணை வைத்தேன்.

"அது வேற ஆயிலு சித்தி" என்றவள், சட்டென்று பேச்சை மாற்றினாள். குழாயைத் திறக்கும்போது மட்டும் தண்ணீரைச் சூடாக்கித் தருவது ஒரு வகையாம், தொட்டியில் சேர்த்து வைப்பது இன்னொரு வகையாம். "கொழந்த இருக்கப்போற வூடு, தொட்டியோட இருக்கறதயே வாங்கு" என்று பெரிய என்ஜினியர் மாதிரி தீர்ப்பு சொன்னேன்.

போட்டு உடைத்தவர் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் கொல்லைப்பக்கத்தைக் காட்டினார். பச்சை நிறத்தில் யானைக்குட்டி மாதிரி ஒரு தொட்டி நின்றது. "லாரில வந்து எண்ணெ ரொப்பிட்டுப் போயிடுவாங்க அத்தை. நெருப்புச் சூடு பட்டா எண்ணெ வர்றது தானா நின்னுடும், பயமே இல்லீங்க. வேற ஒண்ணுமில்ல, நம்மூரு கிருஷ்ணாயிலுதான்" என்றார்.

அவருக்கு என்ன தெரியும், பாவம். அக்கா, உன் காரியம் முடிந்த மறுநாளே அம்மா ரேஷன் கடைக்குப் போய், "எங்களுக்கு இனிமே எண்ணெ வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மண்ணெண்ணெய், சீமெண்ணெய், கிருஷ்ணாயில், எந்தப் பெயரிலும் அது நம் வாசல்படி ஏறவில்லை. பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால் 'அது' என்போம். பூங்கொடி வளர்ந்தது அந்த வீட்டில்தானே? அதனால்தான் அவளும் 'வேற ஆயிலு' என்றாள்.

நான் "வேணாம்" என்றேன். "செரி சித்தி. நீ வேணாம்னா வேணாம். ரூமு ஹீட்டர வெச்சி சமாளிச்சிக்கறோம்" என்றாள். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சண்டை போடாத பிள்ளையாக அவளை யார் வளர்த்தது? நான்தான்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. சூளை வாயில் தீ தெரிந்துகொண்டிருந்தது. தினமும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறேன், சாப்பிடுகிறேன், வம்பு பேசுகிறேன், பயந்ததில்லை. பிறகு உன் ஸ்டவ்வைப் பற்றி யோசித்தேன். இத்தனை வருஷத்தில் அதை முழுசாக யோசித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பம்ப் ஸ்டவ்வை நீ ஆசைக்கு வாங்கவில்லை. விறகுப் புகையில் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை, கேஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பிள்ளை மூச்சு விடட்டும் என்றுதான் வாங்கினாய். "அந்தச் சனியன வாங்காமலே இருந்திருக்கலாம்" என்று சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் உன் மேல் கோபம் இருந்தது அக்கா, வெகுநாள் இருந்தது. ஆனால் அந்த நாளில் உன் கையில் வேறு என்ன இருந்தது? உனக்கு முன்னால் புகை இருந்தது, ஸ்டவ் இருந்தது. இருந்ததில் நல்லதை எடுத்தாய். உன் மகளும் இப்போது அதைத்தான் செய்யப் பார்க்கிறாள்.

சாயங்காலம் நானே போன் போட்டேன். "போட்டுக்கோடி. கிருஷ்ணாயில் பாய்லரே போட்டுக்கோ" என்றேன். அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டா? நெஜமாவே ஸ்டவ்வுதானா?"

எனக்கு விளங்கவில்லை. "என்னாடி கேக்கற?"

"ஸ்கூல்ல ஒருத்தி சொன்னா சித்தி. ஸ்டவ்வு வெடிச்சி செத்தாங்கன்னு சொன்னா, ஸ்டவ்வு வெடிக்கலன்னு அர்த்தமாம். நம்ம வூட்ல அதப் பத்தி யாருமே வாயத் தொறக்க மாட்டீங்க. அப்பாவும் வெளியூரோட போயிட்டாரு. அதான்... அம்மா தானாவே பண்ணிக்கிட்டாங்களோன்னு. என்ன வேணாம்னுட்டுப் போயிட்டாங்களோன்னு."

ஐயோ அக்கா. உன்னைப் பற்றிப் பேசினால் பிள்ளை ஏங்கிப் போகுமே என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். நாங்கள் பேசாமல் விட்ட இடத்தில் அவள் இதை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் செய்துகொண்டது, கடல் தாண்டிப் போனது எல்லாம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வர இருந்தார்கள். நான் வாசலில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ அவளுக்குப் பால் காய்ச்ச உட்கார்ந்தாய். ஸ்டவ்வில் அடைப்பு, ஸ்டவ் ஊசியால் குத்திக்கொண்டே என்னைக் கேலி செய்தாய்: "மூஞ்சிக்கு இவ்ளோ பவுடரு போட்டா, பொண்ணப் பாக்க வர்றவன் சுண்ணாம்படிச்ச செவுருன்னு நெனச்சிட்டுப் போயிடுவான்டி." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடியவில்லை, சத்தம் கேட்டது. நான் கண்ணால் பார்த்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து நீ கேட்டது ஒன்றுதான், "கொழந்த மேல படலியே?" இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாய்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "அப்போ அம்மா என்ன வுட்டுட்டுப் போகல" என்றாள். மூன்று வயதுக் குரலில் சொன்னாள் அக்கா.

பாய்லர் அடுத்த வாரம் வருகிறது. எனக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, பிரசவத்துக்குப் போகிறேன். உன் பேரனோ பேத்தியோ கதகதப்பான வீட்டில் கண் விழிக்கும். நீ பால் காய்ச்ச உட்கார்ந்ததை, என்னைக் கேலி செய்ததை, கடைசியாகக் கேட்டதை உன் மகளுக்கு மறுபடியும் சொல்வேன். அவள் கேட்கிற போதெல்லாம் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் பிள்ளையை இன்னும் இடுப்பிலிருந்து இறக்காத
உன் தங்கச்சி,
சரசு