மாப்பிள்ளையின் மூன்றாவது பரீட்சை

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

மாப்பிள்ளை மூன்றாவது தடவையும் ஆங்கிலப் பரீட்சையில் தவறிவிட்டார். தேறிவிட்டேன், எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். இன்றுவரை என் கடைக் கிடங்கில்தான் பெட்டி பிரித்து அடுக்குகிறார். அவரே சொல்லட்டும் என்று பொறுத்திருந்தேன். இங்கே கிளம்பி வர நீ மகளின் பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டிருப்பதாகத் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் கடையின் பெரிய ஃப்ரீஸர் நின்றுவிட்டது. கம்பெனிக்காரன் வர நாலு நாள் ஆகும் என்றான். மாப்பிள்ளை பின்பக்கத்தைக் கழற்றி இருபது நிமிடத்தில் ஓட வைத்துவிட்டார். சட்டப்படி அதுவே தப்பு. இங்கே வயரைத் தொட லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு அந்தப் பரீட்சை வேண்டும்.

எழுத்தில் நல்ல மார்க். பேச்சில்தான் போகிறது. ஐம்பது கேள்விக்குப் பதிலை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனார். பரீட்சை வைத்த அம்மா, நீங்கள் இருக்கும் தெருவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் கைவசம் தெரு இல்லை, பூங்காதான் இருந்தது. மூச்சு விடாமல் பூங்காவை ஒப்பித்திருக்கிறார். அந்த அம்மா நடுவில் நிறுத்தி வேறொன்று கேட்டதும் வாய் கட்டிப்போய்விட்டது. வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அதற்குத்தான் கேட்டார்: கிடங்குல பத்து மணி நேரம் தமிழு, மாடியில உங்க வீட்டுலயும் தமிழு, போனை எடுத்தா உங்க தங்கச்சிகிட்டயும் தமிழு, நான் இங்கிலீஷ் யார்கிட்ட பேசறது மச்சான், அட்டைப்பெட்டிகிட்டயா என்று.

நம் ஆட்களுக்கு நடுவில் இருந்தால் தனிமை தெரியாது என்றுதான் அவரை அங்கே வைத்தேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், அவர் அங்கே இருப்பது எனக்கு லாபம். சரக்கில் ஒரு பெட்டி குறையாது. ரிப்பேர் செலவு கிடையாது. வேறு கடைக்காரன் கொத்திக்கொண்டு போவான் என்ற பயமும் இல்லை. நான் நாற்பது ஐம்பது சொல்லை வைத்துக்கொண்டே கடை போட்டவன். அவருக்கும் அது போதும் என்று இருந்துவிட்டேன். விற்கிறவனுக்கு விலை சொல்லத் தெரிந்தால் போதும். கரண்டில் கை வைக்கிறவனுக்கு, பக்கத்தில் நிற்பவனிடம் தொடாதே என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வேலையை விட்டுப் படிக்கட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. அவர் விசா என் கடையின் பேரில் இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை மணி என்று காட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆங்கில வகுப்போ காலையில். லைசென்ஸ் வாங்கி வேறு விசாவுக்கு மாறினால்தான் உங்கள் இருவரையும் அழைக்க முடியும். அதனால் டி.சி. வாங்காதே. தையல் மெஷினையும் விற்றுவிடாதே.

பொய் சொன்னாரே என்று அவரிடம் காய்ந்துவிடாதே, அம்மா. உன் குரலுக்குப் பயந்து சொன்ன பொய் அது. நீயும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் உட்கார்ந்து பேசி முடித்தோம். வாரத்தில் நாலு நாள் காலையில் வகுப்பு. மணிக்கணக்குக் குறையாமல் இருக்க, அந்த நாட்களில் மதியம் முதல் கடை மூடும்வரையும், சனி ஞாயிறு முழு நாளும் வேலை. இனிக் கிடங்கு கிடையாது, முன்னால் கல்லாவில் நிற்பார். கடைக்குள் அவரிடம் யாரும் தமிழில் பேசக் கூடாது, நான் உட்பட. மாடியில் என் வீட்டில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டு, தமிழ் தெரியாத ஒரு பஸ் டிரைவர் வீட்டில் அறை எடுக்கிறார். பத்து மாதம், ஒரே பரீட்சை. தேறினால் அன்றைக்கே அவரைக் கடையிலிருந்து விடுவித்துக் கையெழுத்துப் போடுவேன். தவறினால் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். உன்னோடு போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும், கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம். இந்தக் கடைசி நிபந்தனை நான் போட்டதல்ல. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

உன் அண்ணன்