சாம்பார் நாற்றம் போகாத ஜமுக்காளம்

பாவா,

உங்கள் ஜமுக்காளத்தை எத்தனை தடவை துவைத்தும் சாம்பார் நாற்றம் போகவில்லை. மாடியில் காய்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எனக்குக் குமட்டுகிறது.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் நீங்கள் தொடங்கிய இசை விழா இந்த வருடமும் நடந்தது. என் அக்கா புருஷன் தொடங்கியதை இப்போது நடத்துபவன் நான்தான் என்று ஆர்.கே.பேட்டை வரைக்கும் பேச்சு. நீங்கள் உயிரோடு இருந்த காலத்திலும் பந்தக்கால் முதல் பாடுகிறவர்களுக்கு வெந்நீர் வரை நான்தானே? நீங்கள் செய்ததெல்லாம் மேடைக்கு முன்னால் இந்த ஒரே ஜமுக்காளத்தை விரித்ததும், அன்னதானத்தைத் தெருவின் மறுகோடிக்குத் தள்ளியதும்தான். சோற்றுக்கு வருகிறவர்கள் அங்கே போகட்டும், பாட்டுக்கு வருகிறவர்கள் இங்கே உட்காரட்டும் என்பீர்கள். கச்சேரி முடிந்ததும் ஐந்நூறு பேர் என்று நான் அளப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

"தலைய எண்ணாத மச்சான். ஜமுக்காளம் நெறஞ்சுதா, அத்த சொல்லு."

இப்போது கமிட்டித் தலைவனாக இருப்பவன் பந்தல் காண்ட்ராக்டர். கூட்டம் வேண்டும் என்று அன்னதானத்தை மேடைக்குப் பின்னாலேயே வைத்துவிட்டான். பந்தல் பிதுங்கியது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மா கல்யாணி ராகம் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு ராகம் தெரியாது என்பார்கள் சில பேர். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே எல்லா ராகமும் எனக்கு அத்துப்படி. அவர் குரல் மேல் ஸ்தாயியில் ஏறி நின்ற இடத்தில் மைக்கில் ஒருவன் குறுக்கே புகுந்து, சாம்பார் சாதம் வந்துவிட்டது என்றான். மொத்தப் பந்தலும் எழுந்தது. ஜமுக்காளத்தின் மேல் செருப்புக் கால், எச்சில் தட்டு, நடுவில் சாம்பார் வழியும் ஒரு வாளி. பாடுகிறவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு மனுஷியை மேடையில் உட்கார வைத்து இப்படியா அவமானப்படுத்துவது? த்தூ.

ஓரத்தில் ஒரு பெண் மட்டும் எழவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம், மடியில் தூங்கும் குழந்தை, கே.ஜி.கண்டிகையில் கூலி வேலை செய்கிறவளாம்.

"நீ பாடும்மா," என்றாள். "அவங்க துன்னுட்டு வரட்டும்."

அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து அவளுக்காகவே பாடி முடித்தார்.

தலைவன் என் தோளைத் தட்டினான். "இன்னா கூட்டம் பாத்தியா மாமா. வர்ற வருசம் ஆர்கெஸ்ட்ரா வெச்சுருவோம். உங்க பாவா போட்டோவ பெருசா போட்டுருவோம்."

அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? அவனைத் தொடக்கூட இல்லை. வாளியை நகர்த்திவிட்டு ஜமுக்காளத்தைச் சுருட்டினேன்.

"ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்க பாவா பேரு வாணாம்," என்றேன். "இது எங்க அக்கா வூட்டு ஜமுக்காளம். எடுத்துகினு போறேன்."

அடுத்த கிருத்திகைக்கு இதை என் வீட்டு மாடியில் விரிப்பேன். சித்தூர் அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சோறு கீழே, கச்சேரி முடிந்த பிறகு. எத்தனை பேர் வந்தார்கள் என்று ஊரில் கேட்டால் ஆயிரம் என்பேன். ஜமுக்காளம் நிறைந்ததா என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.