முட்டி பார்க்க வந்தவர்கள்

8.7 செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டி ஏமாற்றிவிட்டது. முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம். இன்றைய வேலை: மடக்கி நீட்டும் பயிற்சி. ஐஸ் பை. சிரிப்பது.

மூன்றாவதுதான் கஷ்டம். பி பிளாக்கிலிருந்து இரண்டு பெண்கள், முட்டி பார்க்க. பெண் பார்க்க வருவதுபோல் பழமும் பிஸ்கட்டுமாக. மகன் கார்த்தி ஹாலில் வாக்கர் இல்லாமல் என்னை நடக்கவிட்டான். "எங்கம்மா எவ்ளோ சூப்பரா நடக்கறாங்க, பாருங்க ஆன்ட்டி." நடந்தேன். திரும்பி வந்தேன். பாட மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் பாத்ரூமில் அழுகை. காரணம்? ஒன்றும் இல்லை. வலிகூட முன்னைக்கு இப்போது பாதிதான்.

9.7 புதன்

கிச்சடி, கீரை, இரவு தோசை. எதுவும் இறங்கவில்லை.

கார்த்திக்கும் மருமகள் நித்யாவுக்கும் ஆபீஸ். அதனால் நித்யாவின் அம்மா நாமக்கல்லிலிருந்து வந்து என்னைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவர் வீட்டுக்காரர் ஓட்டலில் சாப்பிடுகிறாராம். என்னைப் பெற்றவள்கூட இப்படித் தாங்கியதில்லை. அதுதான் தொல்லை. கூடப்பிறந்தவள் என்றால் எரிந்து விழலாம். சம்பந்தியிடம் முகம் சுளிக்க முடியுமா?

கத்தி, கரண்டி எதையும் தொட விடுவதில்லை. "எந்திரிக்காதீங்க சம்பந்தி, நான் பாத்துக்கறேனுங்க." எந்திரிக்கவில்லை. ஜன்னலில் ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குத் திரும்பும் பஸ்கள். ஆவடி ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலையில் இருந்தபோது ஒரு இடத்தில் நிலைகொண்டவளா நான்? பஸ்ஸைப் பார்த்தால் எரிச்சல். பார்க்காவிட்டால் சுவர்.

முகம் வீங்கியிருப்பதைச் சம்பந்தி கவனித்துவிட்டார். "வர்றவங்க கண்ணெல்லாம் பட்டிருக்குதுங்க." மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே இல்லை. "அத்தனை கண்ணுங்க!" அவருக்குப் பரம திருப்தி. எனக்கு மறுபடி அழுகை.

11.7 வெள்ளி

பெரிய கூத்து.

வாட்ச்மேனின் அக்கா கஸ்தூரி வந்தாள். கரையான்சாவடியில் இட்லிக் கடை. நாளெல்லாம் நின்று நின்று இரண்டு முட்டியும் போய்விட்டது. செருப்பைக் கழற்றவே சுவரைப் பிடித்துப் பல்லைக் கடிக்கிறாள். கார்த்திக்கு இன்று வீட்டிலிருந்தே வேலை. அவனும் சம்பந்தியும் பெருமையாகப் பக்கத்தில் நின்றார்கள்.

"டாக்டரு முட்டிய மாத்துன்றாரு. எல்லாரும் உன்னியதான் கை காட்றாங்க. பொய் சொல்லாத சொல்லும்மா, பண்ணிக்கினா இன்னா ஆவும்?"

வழக்கமான 'சூப்பர்' நாக்கு நுனிவரை வந்தது. இவளை ஏமாற்ற மனசு வரவில்லை.

"பண்ணிக்கோ. வலி குறையும். ஆனா மனசு விழுந்துடலாம். எனக்கு அப்படி ஆச்சு. காலையில கண்ணு முழிக்கவே பிடிக்கல. சோறு பிடிக்கல. எதுக்கு இருக்கோம்னு இருக்கு. இப்படி ஆகும்னு யாரும் எனக்குச் சொல்லல, அதான் சொல்றேன்."

"அய்ய! இத்த டாக்டராண்ட சொல்லாம ஏம்மா உள்ளார வெச்சிகினு கீற?"

அவள் போய்விட்டாள். நான் எங்கே போவது?

கார்த்தி: "என்னம்மா குறை வெச்சோம் உனக்கு?" சம்பந்தி உள்ளே போனார். பெட்டியின் ஜிப் சத்தம். சாயங்காலம் நித்யா: "அத்தை, எங்கம்மா அழறாங்க."

யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் நான் அழுதால் அது யார் மேலாவது புகார் ஆகிவிடுகிறது. அழவும் அனுமதி இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

12.7 சனி

மழை. துணி காயவில்லை.

சம்பந்தி பேசுவதில்லை. காபி மேஜைக்கு வருகிறது. ஐஸ் பை வேளை தவறாமல் வருகிறது. பேச்சு வருவதில்லை.

"நான் உங்களைச் சொல்லல சம்பந்தி."

"பரவால்லைங்க."

அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

திங்கட்கிழமை செக்-அப். அங்கிருந்தே அவர் ஊருக்குப் பஸ் ஏறுகிறார். போதும், நான் வாய் திறந்த லட்சணம். டாக்டர் கேட்டால் எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிட்டு வரவேண்டியது. ஊரெல்லாம் சொன்ன பொய், அவருக்கும் ஒன்று.

14.7 திங்கள்

பூந்தமல்லி போய் வந்தாயிற்று. ஆட்டோவில் மூன்று பேர், சம்பந்தி மடியில் பெட்டி. ரோடு முழுக்கப் பள்ளம்.

டாக்டர் மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. வேற ஏதாவது தொந்தரவு?"

"எல்லாம் ஓகே டாக்டர்," என்றான் கார்த்தி. நானும் தலையாட்டினேன்.

"ஓகே இல்லைங்க."

சம்பந்தி. என்னைப் பார்க்கவே இல்லை. கோபமாக, வாத்தியாரிடம் கோள் சொல்கிற குரலில்.

"சோத்தைத் தட்டுல பரப்பி வெச்சுட்டு சாப்புட்டேங்கறாங்க. குளிக்கப் போனா பைப்பை வேகமாத் தொறந்து விட்டுட்டு அழுவுறாங்க. வெளிய நின்னு கேட்டுட்டு இருக்கறவ நானுங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாங்க. நீங்க முட்டிய மட்டும் பாத்து அனுப்பிச்சீங்கன்னா எப்புடிங்க?"

கார்த்தி என்னையே பார்த்தான். மறுக்க வாயைத் திறந்தேன். கண்தான் முந்திக்கொண்டது.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கவரில் போட்டார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

கார்த்தி போனான். சம்பந்தியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.