சில்வண்டும் மௌனமும்

மெக்சிகோ நகரம்

அன்புள்ள அம்மா,

உனக்கும் அப்பாவுக்கும் என் முத்தங்கள். நம் ஊர் அரெகிப்பாவில் குளிர் தொடங்கியிருக்குமே, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சௌக்கியம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஒலிக்கலை இதழில், எவாங்கெலினா என்பவளின் மின்னிசைத் தட்டுக்கு விமர்சனம் எழுதினேன். 'இவ்வளவு துணிச்சலான மௌனத்தை நான் கேட்டதே இல்லை' என்று புகழ்ந்திருந்தேன். இதழ் வெளியானதும் அவளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"மௌனமாடி அது? முழுக்க சில்வண்டுச் சத்தம்! காட்டுல மழையில நனைஞ்சு பதிவு பண்ணினேன்டி!"

ஆசிரியர் ரொசெந்தோ வயிறு குலுங்கச் சிரித்தார். "நம்ம நெலிடா பெரிய ஆளாயிட்டா. விமர்சனம் எழுத இனி காதே வேண்டாம்!"

நானும் சிரித்தேன். அவர்கள் போனபின் அதே தட்டை மறுபடி போட்டேன். அலுவலகப் பூனை பதறி எழுந்து ஓடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சளியாகத்தான் இருக்கும், கவலைப்படாதே. அடுத்த இதழுக்கான தட்டுகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. உறையில் இருப்பதைப் படித்தே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

யாராவது இங்கே வந்தால் ரொகோட்டோ மிளகாய் விழுது கொடுத்தனுப்பு. போனில் இனி அப்பாவைப் பேசச் சொல். அவருடைய கட்டைக் குரல் தெளிவாகக் காதில் விழுகிறது. போன ஞாயிறு நீ ஏதோ கேட்டாய், நான் சும்மா "ஆமாம்மா" என்றேன். அப்புறம் வெகுநேரம் மௌனமாக இருந்தாய்.

மௌனமாகத்தான் இருந்தாயா, அம்மா? உடனே எழுது.

அவசரத்தில்,
நெலிடா