வீட்டு வண்டிக் கதவில் விசில்

ஆடி 5, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட என் லுங்கி பக்கத்து வீட்டு டிஷ்ஷில் தொங்குகிறது. போய்க் கேட்கக் கூச்சம்.

வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் போட்டுக் கட்டிய வீட்டு வண்டியை இன்றுதான் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலை. பூஜை போட்ட நாளிலிருந்து ஊருக்குள்ளேயே உருட்டியதால் தெரியவில்லை. ஐம்பதில் சின்னதாக ஒரு விசில். அறுபதில் குக்கர். எழுபதில், நாதஸ்வரம் பழகுகிறவன் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மாதிரி. இடது பக்கம் ஏறுகிற கதவிலிருந்துதான் வருகிறது.

செல்வி பின்னால் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். பெண்டாட்டி இருந்தால் சோதனைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

"என்னங்க, அடுப்புல எதுவும் வச்சுட்டு வந்துட்டமா?"

"உன் வாயிதான்னு நெனச்சேன்."

அதன் பிறகு வீடு வரை விசில் மட்டும்தான் பேசியது.

ஞாயிறு காலை ஜேக்கப் சார் வீட்டம்மா எஸ்தர் அம்மாவை நாகர்கோவிலில் மகள் வீட்டில் விட வேண்டும். சார் பசுமலையில் வாத்தியாராக இருந்தவர். எனக்கு வாத்தியார் இல்லை, நாலாம் வகுப்போடு எல்லா வாத்தியார்களுக்கும் நான் விடுதலை கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தலையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சத்தம் ஆகாது. உட்காரவும் முடியாது. ஆம்புலன்ஸ் என்றால், "அதுல ஏத்துனா நான் திரும்பி வர மாட்டேன்" என்கிறாராம். கட்டில் போட்ட வண்டி என்று என்னிடம் வந்தார் சார். "சத்தமே இருக்காது சார்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். எந்தச் சனி நாக்கில் உட்கார்ந்திருந்ததோ.

ஆடி 6, புதன்

காற்று அப்படியே. லுங்கியும் அங்கேயே.

வாங்கியது:
கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர், புதுசு
பசை
பெயிண்டர் ஒட்டும் காகித டேப்
செல்விக்கு அல்வா, கால் கிலோ (நேற்றுப் பேசியதற்கு)

ரப்பர் கடைக்காரர்: "அண்ணே, இதப் போட்டீங்கன்னா காத்து என்ன, கொசுகூட உள்ள வராது."

கொசு வரவில்லை, உண்மை. எழுபதில் போகிற வண்டியை எந்தக் கொசு துரத்தும். விசில் வந்தது. போதாக்குறைக்கு ரப்பர் தடிமன், கதவை இடுப்பால் முட்டித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தபடி செல்வி: "கதவுக்கு ரப்பர் போட்டாச்சு. உங்களுக்கும் எங்கயாச்சும் கெடைக்குமான்னு கேளுங்க."

அல்வா வேலை செய்திருக்கிறது.

ஆடி 7, வியாழன்

பட்டறைக்காரர் ஒருவர் சொன்ன வழி. கதவு இடுக்கில் ஒரு பக்கம் மட்டும் டேப் ஒட்டி ஓட்ட வேண்டும். சத்தம் நின்றால் ஓட்டை அங்கே.

மேலே ஒட்டி ஓட்டினேன். விசில்.
கீல் பக்கம். விசில்.
கொக்கி பக்கம். விசில், இன்னும் சந்தோஷமாக.

மூன்று தடவை போய் மூன்று தடவை திரும்பினேன். பரவைப் பக்கம் டீக்கடையில் ஒரு ஆள் கதவைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கதவுக்குக் கட்டுப் போட்டிருக்கு. அடியா?"

"சிசேரியன்."

அவர் சிரிக்கவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றார். நம்மூரில் நம்மை மிஞ்ச ஆள் இருக்கிறது.

கீழ்ப் பக்கம் டேப் ஒட்டவில்லை. அங்கே ஒட்டினால் ஏறுகிற மடக்குப் படி மடங்காது. அதுவுமில்லாமல் அங்கே ஓட்டை இருக்காது என்று நினைப்பு. மூன்று நாள் போய்விட்டது.

ஆடி 8, வெள்ளி

முருகேசனைக் கூப்பிட்டேன். தச்சன், கூட்டாளி. வண்டிக்குள் இருக்கிற கட்டில், அலமாரி எல்லாம் அவன் வேலை. ரப்பர் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தோம். ரப்பர் தொடுகிற இடத்தில் சட்டத்தில் வெள்ளையாக விழும். மேலே விழுந்தது, இரண்டு பக்கமும் விழுந்தது. கீழே சுத்தம். நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கீழே வைத்துச் சாத்தி இழுத்தேன். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. கிழித்தது நாளைய தாள் என்று செல்வி சத்தம். இன்னும் ராசி பலன் பார்க்கவில்லையாம்.

கீழே ஏன் தொடவில்லை என்று குனிந்து பார்த்தேன். நிலை.

ஆனியில் பூஜை போட்டபோது செல்வி சொன்னாள், வீடு என்றால் நிலைப்படி வேண்டும், தகரத்தைத் தாண்டியா வீட்டுக்குள் போவார்கள் என்று. முருகேசன் வேம்பில் விரல் தடிமனுக்கு ஒரு கட்டை செதுக்கி, அடியில் காசு வைத்துக் கதவின் அடிச்சட்டத்தில் முடுக்கினான். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். நான்தான் தேங்காய் உடைத்தேன். கதவு இப்போது அந்தக் கட்டையில் முட்டி நிற்கிறது, ரப்பர் அந்தரத்தில் நிற்கிறது.

"மாப்ள, நான் போட்ட நெலையில எறும்பு நுழையாதுடா."

"எறும்பு நுழையல. காத்து பொண்டாட்டி புள்ளையோட நுழையுது."

கழற்றிவிடு என்றேன். செல்வி வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"ஆடியில நெலையில கை வைப்பாங்களா? நல்லா இருக்குற வீட்டுல எவனாச்சும் நெலையப் பேத்து எடுப்பானா?"

"இது வீடு இல்லடி, நாலு சக்கரம்."

"அப்ப ஏன் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஏறுறீங்க?"

நான் காலைப் பார்த்தேன். முருகேசனும் அவன் காலைப் பார்த்தான். இரண்டு பேர் செருப்பும் கீழே கிடந்தது. "மத்தியானம் ஒரு வேலை இருக்கு மாப்ள" என்று நழுவிவிட்டான்.

அவள் குளிக்கப் போன நேரம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கட்டை வரை கொண்டுபோனேன். திரும்ப வைத்துவிட்டேன். பயம் அவளுக்கு மட்டும் என்று எழுதினால் பொய்.

வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று சாருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர்: "தம்பி, உங்க வண்டியில போறோம்னு சொன்னதுக்கப்புறந்தான் அவ ரெண்டு வாய் சாப்பிடுறா." சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

ஆடி 9, சனி

கட்டில் மெத்தை அம்மா உயரத்துக்குப் போதுமா என்று பார்க்க, அளவு டேப்போடு செல்வியைக் கூட்டிக்கொண்டு பசுமலை போனேன். ஜன்னலெல்லாம் சாத்தி, உள்ளே துணி அடைத்திருக்கிறது. மின்விசிறிகூட இல்லை, சார் அட்டையால் விசிறுகிறார். அளந்துகொண்டிருக்கும்போது அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தது. அவ்வளவுதான். எஸ்தர் அம்மா இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பிடியை விட வெகுநேரம் ஆனது. விட்டதும் செல்வியிடம், "பயந்துட்டியாம்மா?"

 

வீடு வந்ததும் செல்வி நிலைக்குச் சூடம் காட்டினாள். ஸ்க்ரூடிரைவரைக் கேட்டாள். நான் கழற்றுகிறேன் என்றதற்கு, "நீங்க தள்ளுங்க." நாலு திருகாணியையும் அவளே எடுத்தாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டையை நாலு விரல் உள்ளே தள்ளி, பலகைத் தரையில் வைத்து, காசை அடியில் போட்டு, அவளே முடுக்கினாள்.

"நெலைய எடுக்கல. கொஞ்சம் உள்ள தள்ளி வச்சிருக்கோம். கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

யார் கேட்கப் போகிறார்கள். சாமியைச் சொல்கிறாளோ.

நாகமலை ரோடு. ஐம்பது, அறுபது, எழுபது. ஒன்றும் இல்லை. பின்னால் படுத்திருந்தவளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. தூங்கிவிட்டாள்.

நாலு விரல். இதற்கு அஞ்சு நாள், ரப்பர், பசை, என் இடுப்பு.

ஆடி 10, ஞாயிறு

வெயில். காற்று குறைவு. இன்றைக்குப் பார்த்துக் குறைகிறது.

அஞ்சரைக்குப் பசுமலை. அம்மாவை விரிப்போடு தூக்கி ஏற்றினோம். சார் நிலையில் தடுக்கினார். செல்வி கதவைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி சாத்தினாள்.

திருமங்கலம் தாண்டியதும் எஸ்தர் அம்மா தூங்கிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி அசந்து தூங்கவே இல்லையாம். சார் சைகையில் சொன்னார். வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது என்று செல்வி உதட்டில் விரல் வைத்திருக்கிறாள், என்னைப் பார்த்து மட்டும்.

கோவில்பட்டி தாண்டிப் பாலம் வேலை. வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, அதில் எழுதுகிறேன். காலையில் குடித்தது மூன்று டீ. என் பக்கக் கதவு ஓங்கி அறைந்தால்தான் மூடும், அதை எவன் கவனித்தான். சாரைத் திரும்பிப் பார்த்துச் சுண்டுவிரலைக் காட்டினேன். அவர் தூங்குகிறவரைப் பார்த்தார். மெதுவாக எழுந்து வந்து என் காதில்:

"நாகர்கோவில் வரைக்கும் தாங்குவீங்களா தம்பி?"

திருநெல்வேலியே இன்னும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். முன் வண்டி நகர்கிற—